இடம் அடைக்காத உடைமை



இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதம் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பொருள் வரைதல். இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு ஆடை போதும், இதற்கு மேல் வேண்டேன் என்று தன் உடைமைக்குத் தானே எல்லை வகுத்துக் கொள்வது அவ்விரதம். கண்ணால் காணவும், கையால் எடுக்கவும், நிறுத்து அளக்கவும் கூடிய பொருள்களுக்கு எல்லை வகுப்பது அரிதாயினும் விளங்கக் கூடியதே. எடையில்லாத, எத்தனை சேர்ந்தாலும் வீட்டில் ஒரு விரற்கடை இடத்தையும் கேளாத ஒரு பொருள் நம் கைக்கு வந்தால், அதுவும் உடைமைதானா? அதற்கும் வரையறை வேண்டுமா? எழுபத்து நான்காம் வயதில் இவ்வினாவை என்னுள் எழுப்பியது, எங்கள் வீட்டுக் கூடத்தில் பழுதாகி நின்ற ஒரு சி.டி. பிளேயர்.

என் கணவர் தம் பணி ஓய்வின்போது, 1999ஆம் ஆண்டில் வாங்கிய கருவி அது. பிற செலவுகளில் சிக்கனம் பார்க்கும் அவர், மாதம் ஒரு குறுந்தகடேனும் வாங்காமல் இரார். மதுரை மணி ஐயர், எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள் ஆகியோரின் பாட்டும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரமும் எங்கள் மாலைப் பொழுதுகளை நிறைத்தன. 2017இல் அவர் மறைந்தபோது, கூடத்து அலமாரியின் இரண்டு அடுக்குகளில் 214 குறுந்தகடுகள் இருந்தன. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் அக்கருவி நின்றுவிட்டது. திறந்து பார்த்த பழுது பார்ப்பவர், தகட்டைப் படிக்கும் லென்ஸ் பகுதி தேய்ந்துவிட்டது என்றும், இந்தக் கருவிக்கு உரிய அந்த உறுப்பு இப்பொழுது வருவதில்லை என்றும் கூறிச் சென்றார்.

கல்லூரியில் பயிலும் என் பேரன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். "பாட்டி, இன்னொரு பிளேயர் வாங்க வேண்டாம். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடுகிறேன். தாத்தாவின் அலமாரி முழுவதும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும்" என்றான். நானும் இசைந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் போதிக்கப்பட்ட நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பதாகும். ஆதலின், என்னைப் போன்ற மூத்த வாசகர்களுக்காக அவன் செய்த வேலையைச் சிறிது விளக்கிவிட்டு மேலே செல்கின்றேன். பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குறுந்தகட்டில் பாட்டு எண்களாகவே உறைகின்றது. ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறித்து, அவ்வெண்களை நுண்ணிய குழிகளாகப் பதித்திருக்கின்றனர். சுருளாகச் செல்லும் அக்குழி வரிசையை நீட்டிப் பார்த்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகுமாம். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர்க் கதிர் அதனைத் தொடாமலே படிக்கின்றது. கணினியும் அவ்வெண்களையே படித்துத் தன் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக் கொள்கின்றது. எம்.பி.3 என்னும் முறையில், செவிக்கு எளிதில் புலப்படாதவற்றை நீக்கிப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கலாம். ஃபிளாக் என்னும் முறையில், ஓர் எண்ணையும் இழக்காமல் ஏறக்குறையப் பாதி அளவாக மடித்து வைக்கலாம். பேரன் இரண்டாவது முறையைக் கைக்கொண்டான். நாள் ஒன்றுக்குப் பதினைந்து, இருபது தகடுகளாக இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. பழைய ஆம்பிளிபயரும் ஸ்பீக்கர்களும் அப்படியே இருக்க, சி.டி. பிளேயர் இருந்த இடத்தில் ஒரு சிறு கணினி அமர்ந்தது. கைப்பேசியில் பாடகர் பெயரைத் தொட்டால் கூடத்தில் பாட்டு ஒலித்தது.

குறுந்தகடுகள் அட்டைப் பெட்டிகளில் அடங்கிப் பரண் ஏறின. வெறுமையான அலமாரியைக் கண்ட உறவினர் அம்மையார் ஒருவர், "அக்கா, இரண்டு அடுக்குப் பொருள் குறைந்துவிட்டதே! இதுவும் ஓர் அபரிக்ரகம்தான்" என்று பாராட்டினார். அப்பாராட்டு எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. செய்யாத வீட்டுப் பாடத்திற்கு மதிப்பெண் பெற்ற மாணவியைப் போல நாணமே தோன்றியது. அலமாரி வெறுமையாயிற்று என்பது உண்மை. என் உடைமையில் ஒன்றேனும் குறைந்ததா?

உடைமை எங்கே இருக்கின்றது?

புறப் பரிக்ரகம் பத்து என்றும், அகப் பரிக்ரகம் பதினான்கு என்றும் நம் ஆசாரியர்கள் பகுத்துள்ளனர். நிலம், வீடு, செல்வம், தானியம், கால்நடை, ஊர்தி, படுக்கை, பாத்திரம் என்று செல்லும் புறப்பட்டியலில் கணினியின் கோப்பு எதன்பாற்படும் என்று யோசித்துப் பார்த்தேன். கருவியை வேண்டுமானால் கலங்களோடு சேர்க்கலாம். அதனுள் இருக்கும் பாட்டை எதனோடு சேர்ப்பது? உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் பரிக்ரகத்திற்குத் தந்துள்ள இலக்கணம் இவ்வையத்தைத் தீர்க்கின்றது. அவர் அதனை மூர்ச்சை என்னும் ஒரு சொல்லால் விளக்கினார். மூர்ச்சை என்பதன் பொருள் தமிழர் அனைவரும் அறிந்ததே. அறிவு மழுங்கி விழும் மயக்கம் அது. பொருளின்மீது உயிர் கொள்ளும் அம்மயக்கமே பரிக்ரகம் ஆகின்றதென்றால், பொருளுக்கு எடை உண்டா, அது இடத்தை அடைக்குமா என்ற கேள்விகள் தாமே விழுந்துவிடுகின்றன. அலமாரியில் இருந்தபோது எனது என்று எண்ணியதை, பெட்டிக்குள் சென்ற பின்னும் எனது என்றே எண்ணுகின்றேன். ஆகவே குறைந்தது மரப்பலகையின் சுமை மட்டுமே.

சமந்தபத்ர ஆசாரியரின் ரத்னகரண்டக சிராவகாசாரம் இவ்விடத்தில் இன்னும் நுட்பமான வழி காட்டுகின்றது. அருங்கலச்செப்பு வாயிலாக அதன் கருத்துகள் தமிழ் நயினார் குடும்பங்களுக்கு வழிவழியாக வந்துள்ளன. குணவிரதம் மூன்றனுள் ஒன்றாக அவர் போகோபபோக பரிமாணத்தைக் கூறுகின்றார். ஒருமுறை நுகர்ந்ததும் கழிந்து போவது போகம், உணவு போல்வது. நுகர்ந்ததையே மீண்டும் நுகர்வது உபபோகம், ஆடை போல்வது. ஐம்புலன்களாலும் நுகரப்படுபவை யாவும் இவ்விரண்டனுள் அடங்கும். எல்லை வகுக்க வேண்டியவற்றை அவர் எண்ணிச் சொல்லும் பட்டியலில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், மலர், தாம்பூலம், ஆடை, அணி ஆகியவற்றோடு இசையும் பாட்டும் இடம் பெற்றிருப்பதை முன்பு நான் கவனித்ததே இல்லை. சென்ற ஆண்டுதான் அச்சொற்கள் என் கண்ணில் உறுத்தின.

அவ்வாசாரியர் காலத்தில் பாட்டு ஒரு போகமே. பாடுவோர் வாய் மூடியதும் அது காற்றோடு கலந்துவிடும். எத்துணைச் செல்வனும் நேற்றைய பாட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க முடியாது. ஒலிப்பதிவு வந்த பின்னரே பாட்டு, ஆடையைப் போல உபபோகமாயிற்று. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கிற்று. 1948இல் வந்த நெடுநேரத் தட்டில் பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல் அடங்கிற்று. 1963இல் கேசட்டும், 1982இல் குறுந்தகடும் வந்தன. குறுந்தகட்டின் அளவு 74 நிமிடம். கலம் வளர வளரப் பாட்டும் வளர்ந்தது. எனினும் ஒவ்வொரு கலத்திற்கும் ஒரு விளிம்பு இருந்தது. பக்கம் முடிந்தால் எழுந்து சென்று திருப்பிப் போட வேண்டும். அடுக்கு நிரம்பினால் புதியது வாங்குமுன் யோசிக்க வேண்டும். ஓய்வூதியத்தில் மாதம் ஒன்று என்பதே அவருடைய வரம்பு. அவ்வரம்பை நாங்கள் விரதமாக மேற்கொண்டோம் அல்லோம். பலகையும் பணமும் அதனை எங்களுக்காக மேற்கொண்டிருந்தன.

இப்பொழுது அவ்விளிம்பு போய்விட்டது. 214 தகடுகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 ஜிகாபைட் அளவே ஆயின. பெட்டியின் கொள்ளளவோ ஆயிரம் ஜிகாபைட். இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு தகடுகள் அதனுள் அடங்கும். தகட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்டாலும், அவற்றை ஒருமுறை கேட்டு முடிக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். என் வயதில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதே ஒரு தருமோபதேசம்.

கொடுக்கப்படாததைக் கொள்ளுதல்

விளிம்பு இல்லாத கலம் வெகு விரைவில் நிரம்பத் தொடங்கியது. "பாட்டி, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே" என்று பேரன் தன் நண்பர்களிடமிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கொணர்ந்து சேர்த்துவிட்டான். அன்பினால் செய்தான். அவை யார் வாங்கியவை என்று வினவினேன். எவரோ வாங்கி, எவரோ படியெடுத்து, கை மாறி வந்தவை என்றான். அது களவன்றோ என்றேன்.

அவன் தந்த விடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. "ஒருவர் வீட்டு மாடு களவு போனால் அவருக்கு மாடு இல்லை. இங்கே யாரிடமிருந்து எது குறைந்தது, பாட்டி? படியெடுத்த பின்னும் அவரிடம் அவர் பாட்டு இருக்கிறதே" என்றான். வகுப்பில் இப்படி ஒரு மாணவன் வினவினால் மகிழ்ந்திருப்பேன். இரண்டு நாள் கழித்தே எனக்கு விடை கிடைத்தது. நம் நூல்கள் களவுக்கு வகுத்த இலக்கணம் அதத்தாதானம் என்பது; அதாவது, கொடுக்கப்படாததைக் கொள்ளுதல். உடையவனிடம் பொருள் குறைய வேண்டும் என்று அவ்விலக்கணம் கேட்கவில்லை. கொடுக்கப்பட்டதா, இல்லையா என்று மட்டுமே கேட்கின்றது. களவு வழி வந்ததை வாங்குதலும், அரசின் விதியை மீறுதலும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்கள் என்று தத்வார்த்த சூத்திரம் தெளிவாகவே சொல்கின்றது. பாடியவரும் பதிந்தவரும் விலை கூறி விற்றார்கள். நாம் அவ்விலையைக் கொடுத்தோமில்லை. குறைவது அவர்களிடம் இல்லாவிடினும் நம்மிடம் ஒன்று குறைகின்றது.

அரசின் சட்டமும் இதில் முற்றிலும் கடுமையாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவு வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு உரிமை அளிக்கின்றது. 2012இல் செய்யப்பெற்ற திருத்தத்திற்குப் பின், சொந்தப் பயனுக்காக நியாயமான அளவில் கையாளுதல் உரிமை மீறலாகாது என்னும் விலக்கு ஒலிப்பதிவையும் தழுவி நிற்கின்றது. நாமே விலை கொடுத்து வாங்கிய தகட்டை நம் வீட்டில் கேட்பதற்காகக் கணினியில் ஏற்றுவது ஒன்று. பிறர் வாங்கியதை ஊரெல்லாம் பகிர்ந்து நிரப்பிக் கொள்வது வேறு. என் விளக்கத்தைக் கேட்ட பேரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு அம்மூவாயிரத்தையும் தானே அழித்தான். நான் அதற்குக் கட்டளையிடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பரணில் ஏறிய தகடுகளைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. உறவினர் சிலர், "உங்களுக்குத்தான் கணினியில் இருக்கிறதே, தகடுகளை எங்களுக்குத் தரலாமே" என்றனர். கேட்பது நியாயம் போலத் தோன்றியது. ஆனால் ஒரு விலை கொடுத்து இரண்டு வீடுகளில் உடைமை கொள்வது என் மனத்துக்கு ஒப்பவில்லை. நான் இனிக் கேட்கமாட்டேன் என்று தோன்றிய 31 தகடுகளைக் கொடுத்தேன். கொடுத்த அன்றே அவற்றின் படிகளைக் கணினியிலிருந்து நீக்கச் செய்தேன். எஞ்சியவை 183. கணினியிலும் 183, பரணிலும் 183. வாங்கியபின் ஓராண்டுக் காலத்தில் என் உடைமை உண்மையாகவே குறைந்தது அன்றுதான்.

மாசற்ற ஒரு தகடு, மங்கிப் போன ஒரு தகடு

இதுவரை கூறியவை எளிய பகுதி. இனிக் கூறப் போவதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன்.

விலைக்கு வாங்கிய 214 தகடுகளுக்கு அப்பால், வீட்டிலேயே பதிவு செய்த தகடு ஒன்று இருந்தது. என் கணவர் விடியலில் எழுந்து தோத்திரப் பாடல்களைப் பாடுவார். 2006ஆம் ஆண்டில் எங்கள் மகள் அவரை அறியாமல் ஒன்பது பாடல்களைப் பதிந்து, ஒரு தகட்டில் ஏற்றி எனக்குத் தந்தாள். கடையில் விற்கும் தகட்டில் குழிகள் அச்சில் வார்க்கப்பெற்றவை. வீட்டில் எழுதும் தகட்டிலோ குழிகள் இல்லை. ஒரு சாயப் படலத்தில் லேசர்க் கதிர் சுட்ட அடையாளங்களே உள்ளன. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் காலப்போக்கில் கெடுக்கின்றன. அத்தகட்டின் மேனியில் ஒரு கீறலும் இல்லை. கடையில் வாங்கிய எதனையும்விட மாசற்று இருந்தது. ஆனால் பேரன் மூன்று கருவிகளில் மாற்றி மாற்றி முயன்றும் ஒன்பதில் மூன்று பாடல்களே மீண்டன. ஆறு போயின.

போன ஆறினால் மீண்ட மூன்றின் மதிப்பு என் மனத்தில் அளவு கடந்து உயர்ந்தது. மகளிடம் ஒரு படி, மகனிடம் ஒரு படி, தனியே ஒரு பெட்டியில் ஒரு படி என்று காவலுக்குக் காவல் வைத்தேன். காலையில் கேட்டேன்; பகலில் கேட்டேன்; மாலைச் சாமாயிகத்திற்கு அமரும் நேரம் தள்ளிப் போயிற்று. முன்னாளில் தகட்டை எடுத்து, பெட்டியைத் திறந்து, மீண்டும் வைக்கும் சிறு சிரமமேனும் இருந்தது. இப்பொழுது விரல் தொட்டால் போதும். அதுவே என் கணவர் குரலாகிவிடும்.

தசலட்சண பர்வத்தின் ஒன்பதாம் நாள், உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. எனது என்று ஒன்றும் இல்லை என்னும் உணர்வே அவ்வறம். அன்று பேரன் தொலைபேசியில் அழைத்து, கணினி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, திரையில் ஒரு பகுதியைத் திறக்கச் செய்தான். ஒவ்வொரு பாட்டும் எத்தனை முறை ஒலித்தது என்று அம்மென்பொருள் கணக்கு வைக்கின்றது. நான் அதனை அறிந்திலேன். மதுரை மணி ஐயர் நான்கு முறை. பட்டம்மாள் இரண்டு முறை. ராஜரத்தினம் பிள்ளை ஒருமுறையும் இல்லை. என் கணவரின் மூன்று பாடல்களும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு முறை. பிறர் குற்றங்களுக்குப் பதிவேடு வைத்துப் பழகிய ஆசிரியைக்கு, தன் மூர்ச்சையின் பதிவேட்டை எண்களில் காண நேர்ந்தது. அகப் பரிக்ரகம் பதினான்கனுள் சோகமும் ஒன்று என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒப்பித்திருக்கின்றேன். துயரத்தையும் ஒருவர் உடைமையாகச் சேர்த்து வைக்க முடியும் என்பதன் பொருள் அன்றே விளங்கிற்று.

ஸ்ரீபுராணம் படித்தோர்க்கு நீலாஞ்சனையின் ஆடல் நினைவிருக்கும். விருஷப தேவரின் அவையில் ஆடிக் கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிந்தது. அவள் மறைந்த அக்கணமே, அவளைப் போன்ற வேறோர் உருவை இந்திரன் நிறுத்தி, ஆடலில் ஒரு தாளமும் தவறாதபடி செய்தான். அவையோர் ஒருவரும் அதனை அறிந்திலர். பகவான் ஒருவரே கண்டுகொண்டார். நிலையாமையை உணர்ந்து அரசு துறந்தார். சிறுமியாய் இருந்தபோது, இவ்வளவு திறமையாகச் செய்ததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றே வியந்தேன். இப்பொழுது அக்கதை வேறாகத் தெரிகின்றது. என் கூடத்தில் ஒலித்த குரல் இந்திரன் நிறுத்திய உருவம். குறையே இல்லாத படி. குறை இல்லாமையினாலேயே, ஆடியவர் போய்விட்டார் என்பதை அது எனக்கு மறைத்துக் கொண்டிருந்தது. 412 முறையும் நான் அவையோரின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன்.

மறுபக்கம்

ஒரு பக்கத்தையே கூறி முடிப்பது அநேகாந்த நெறிக்கு அழகன்று. ஒலிப்பதிவும் கணினியும் தீங்கு என்று நான் கூறவில்லை. 1956இல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை, அவருக்குப் பின் பிறந்தோர் கேட்கின்றனர் என்றால் அது பதிவின் கொடை. கண் மங்கிய முதியோர்க்கும் படுக்கையில் இருப்போர்க்கும் எழுந்து தகடு மாற்றாமல் கேட்க வாய்ப்பது பேருதவி. இசையையும் நம் முன்னோர் இகழ்ந்தாரல்லர். திருத்தக்கதேவர் சீவகனை வீணை வென்றியில் காந்தருவதத்தையை மணக்கச் செய்தார்; அவனையே இறுதியில் முத்தி இலம்பகத்தில் துறவு கொள்ளவும் செய்தார். இசையை அறியாதவனாக அவனை அவர் படைக்கவில்லை. அதிலேயே நின்றுவிடாதவனாகப் படைத்தார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையே பரிக்ரகம் ஆகாது. பத்தாயிரம் பாட்டுகளை வைத்துக் கொண்டு அவற்றின்மேல் பற்றில்லாதவர் இருக்கலாம். மூன்று பாட்டுகளில் முழுதும் மூழ்கியவளை நானே அறிவேன். அவ்வாறாயின் எல்லை வகுப்பதால் பயன் யாது என்று வினவலாம். பற்றை நேரே பிடித்து நிறுத்த நம் போன்ற இல்லறத்தார்க்கு வலிமை இல்லை. பொருளையும் பொழுதையும் நிறுத்த முடியும். வயலில் நீரைக் கையால் தடுக்க முடியாதவன் வரப்பைக் கட்டுகின்றான். விரதம் என்பது அவ்வரப்பு.

காலத்தால் வரைதல்

எவ்வாறு வரைவது? இடத்தால் வரைவது இப்பெட்டிக்குப் பொருந்தாது. அதற்கு இடமே வேண்டாம். சமந்தபத்ர ஆசாரியர் இதற்கும் வழி சொல்லியிருக்கின்றார். வாழ்நாள் முழுமைக்கும் விடுவது யமம். ஒரு கால அளவுக்கு விடுவது நியமம். இன்று, இப்பகல், இவ்விரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், அரையாண்டு என்று கால அளவு வைத்து விடலாம் என்கின்றார். எடையும் இடமும் இல்லாத பொருளைக்கூட நாம் பொழுதைச் செலவிட்டே நுகர்கின்றோம். பாட்டு கணினியில் இடத்தை அடைக்காவிடினும் நம் ஆயுளில் இடத்தை அடைக்கின்றது. ஆதலின் காலத்தால் இடும் வரப்பு இதற்கு மிகவும் பொருந்துகின்றது.

நான் மேற்கொண்டவற்றைப் பெருமைக்காக அன்றி, ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு உதவுமென்றே எழுதுகின்றேன். கணினியில் இருக்கும் தகடுகள் 183. புதியது ஒன்று வாங்கினால் பழையது ஒன்று வெளியேறும். பொழுது சாய்வதற்கு முன் உணவு கொண்ட பின், ஒரு மணி நேரம் கேட்பேன். தொடங்கிய இராகத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவதில்லை. விரல் தொட்டதும் மாறும் வசதியில் நான் முதலில் இழந்தது முழுமையாகக் கேட்கும் பொறுமையைத்தான். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் தசலட்சண நாட்களிலும் பெட்டி அணைந்திருக்கும். இவை யமம் அல்ல. ஆறு மாதத்திற்கு எடுத்துக் கொண்ட நியமம். முடிந்ததும் மீண்டும் ஆராய்ந்து எடுத்துக் கொள்வேன்.

அம்மூன்று பாடல்களை என்ன செய்தேன் என்று வாசகர் அறிய விரும்பலாம். அழிக்கவில்லை, அவ்வளவு துணிவு எனக்கு வரவில்லை. மக்கள் இருவரிடமும் படிகள் உள்ளன. என் கைப்பேசியின் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தேன். நீக்கிய மறுநாள் விடியலில் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செவியில் விழுந்த பாடல்கள் அவை. எனினும் அவரோடு சேர்ந்து நான் ஒருநாளும் பாடியதில்லை. அவர் பாட, நான் கேட்பேன். அன்று நானே பாடிப் பார்த்தேன். குரல் நடுங்கிற்று, இரண்டு இடங்களில் அடி மறந்தது. மறந்த அடியை மகளிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிக் கொண்டேன். இப்பொழுது நாள்தோறும் பாடுகின்றேன். பாடி முடித்ததும் அது காற்றோடு போய்விடுகின்றது. மறுநாளைக்கென்று எதுவும் எஞ்சுவதில்லை. மறுநாள் மீண்டும் பாட வேண்டும். அவர் பாடியது யாருக்காக என்பதும், கேட்டுக் கொண்டிருந்த எனக்காக அன்று, அருகனுக்காகவே என்பதும் பாடத் தொடங்கிய பிறகே உறைத்தது.

தீபாவளி விடுமுறைக்கு வந்த பேரன் ஒருநாள் விடியலில் எழுந்து வந்து அருகில் அமர்ந்து கேட்டான். "பாட்டி, இதைப் பதிந்து கொள்ளட்டுமா?" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கின்றது? "பதிந்துகொள், தம்பி. முதலில் கற்றுக்கொள்" என்றேன். ஒரு பாட்டைக் கற்றுச் சென்றிருக்கின்றான்.

அலமாரியின் இரண்டு அடுக்குகளும் இன்றும் வெறுமையாகவே உள்ளன. அவற்றில் வேறு எதனையும் வைக்காமல் விட்டிருக்கின்றேன். முன்பு நிரம்பி நின்று எங்களுக்கு எல்லை சொன்ன பலகைகள் அவை. வாசகர்கள் தத்தம் இல்லத்தில் பாட்டோ, நிழற்படமோ, நூலோ இவ்வாறு எடையின்றிச் சேர்ந்து கிடப்பவற்றை ஒருநாள் அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். அடுத்த ஆகிஞ்சன்ய நாளுக்குள் எண்ணி முடித்தால் நலம்.